பிணமாக நடிக்கப் போனவர்

பேய்ப் படத்துக்குப் போகிறவர்கள் பேய் வந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். மரகதவல்லிக்கோ வராமல் போய்விடுமோ என்று பயம். விளக்கு அணைந்து, திரையில் கோடு கோடாக மழை இறங்குகிற மாதிரி பழைய பிலிம் ஓடத் தொடங்கியதுமே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துவிட்டாள். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, நன்றாகத் தெரியும். இடது கண் சுமார்தான். அதனால் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வலது கண்ணை முன்னால் கொடுத்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த மகள் தமயந்தி, "என்னாம்மா, கழுத்து புடிச்சிக்கிச்சா?" என்றாள். "ஒண்ணும் இல்ல, நீ படத்தப் பாரு, அப்பா வந்தா சொல்லு." சொல்லிவிட்டு, இவளுக்கு என்ன தெரியும், இவளுக்கு அப்போது மூன்று வயசு, என்று நினைத்துக்கொண்டாள். ஏசி காலை இழுத்தது. இந்தக் கல்லூரிக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு குளிர் வேண்டியிருக்கிறது, பிணத்தையா வைத்திருக்கிறார்கள் உள்ளே. பிணத்தைத்தானே வைத்திருக்கிறார்கள், திரை நிறைய. படத்தின் பெயர் 'உப்பில்லாக் கஞ்சி'. சென்சாரில் மாட்டி ஒரு தியேட்டரையும் பார்க்காத படம். எடுத்தவர் பெர்னார் அருளப்பன், புதுச்சேரிக்காரர், பாரீசுக்குப் போய் அங்கேயே செத்தும் போனார். அவருடைய மகள் வீட்டுப் பரணில் டப்பா டப்பாவாகக் கிடந்ததைத் இந்தக் கல்லூரித் திரைப்படச் சங்கத்துப் பிள்ளைகள் வாங்கிவந்து, கழுவித் துடைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலவசமாகப் போடுகிறார்கள். பேப்பரில் பார்த்துவிட்டு தமயந்தி போன் பண்ணி, எங்க அப்பா அதுல பிணமா நடிச்சிருக்காரு என்று சொன்னாளாம். நடித்திருக்கிறார் என்று அடித்துச் சொல்லிவிட்டாள் இந்தப் பெண். நடித்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தானே ஆத்தாக்காரி இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் இரண்டு வரிசைக்கு முன்னால், படம் தொடங்குமுன் பொன்னாடை போர்த்திக்கொண்ட வீராசாமி உட்கார்ந்திருக்கும்போது. அந்தக் காலத்துத் தொழிற்சங்கத் தலைவர், போராட்டத்தைப் பற்றிய படம், கூப்பிட்டிருக்கிறார்கள். கையில் ஊன்றுகோல், தலையில் நாலு முடி. நுழையும்போது இவளைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில் மட்டும் வயசே ஆகவில்லை.

திரையில் ஆலைச் சங்கு ஊதியது. புருஷன் வேலை பார்த்த பஞ்சாலையின் அந்தச் சங்கேதான். சோறு வடித்தாயிற்றா என்று மரகதவல்லிக்குக் கை பரபரத்தது; ஆலை மூடிப் போய் எத்தனையோ காலம், கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கதை எளிதாகத்தான் இருந்தது. வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளிகளைப் போலீஸ் சுடுகிறது. செத்தவர்களைப் புதைத்த மறுநாள், மர்த்தினிக் தீவிலிருந்து திரும்பி வந்த ஒரு ஆளை முதலாளி கூட்டிக்கொண்டு வருகிறார். கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போன நம் ஜனங்கள் அந்தத் தீவிலே பார்த்ததாம் அது: செத்தவனைக் குழியிலிருந்து எழுப்பி வேலைக்கு விட்டுவிடுவார்களாம். கூலி வேண்டாம், தூக்கம் வேண்டாம், சங்கம் வைக்க மாட்டான். ஒன்றே ஒன்று, அவனுக்குப் போடுகிற கஞ்சியில் ஒரு கல் உப்பு விழக் கூடாது. நாக்கில் உப்புப் பட்டால் தான் செத்துப்போனது அவனுக்குத் தெரிந்துவிடும். இந்தக் கதையை தேசிங்கு அவளிடம் அப்போதே சொல்லியிருந்தார், அடுப்பங்கரை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை உருட்டி. தேசிங்கு அவள் புருஷன். தறி ஓட்டுகிறவர், சினிமாப் பைத்தியம். எந்தப் படம் வந்தாலும் முதல் நாள் சட்டை கிழியாமல் வீடு வந்ததில்லை. ஒரு தடவை டிக்கெட் நெரிசலில் முன்பல்லும் உடைந்தது, அதிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். டீக்கடையில் அவரைப் பார்த்த பெர்னார், 'உங்க முகம் பிணத்துக்கு ரொம்ப நல்லா இருக்குங்க' என்றாராம். வேறு ஆளாயிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பான். இந்த மனுஷர் வீட்டுக்கு ஓடிவந்து கண்ணாடியில் கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ மரகதம், எனக்கு எடுப்பான மொகமாமே" என்றார். பிணத்துக்கு என்பதை விட்டுவிட்டுச் சொன்னார், அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கடலூர் நாடகக்காரர்கள் பதினைந்து இருபது பேர் பிணமாக வருகிறார்களாம், ஆனால் அறுந்த நூலை நிஜமாகவே முடிச்சுப் போடத் தெரிந்த ஒரு பிணம் வேண்டுமாம். அதுக்குத்தான் இவர். போவாதீங்க என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவே இல்லை, அப்படி இருந்தது அவர் முகம்.

ஏனென்றால் நிஜத்திலும் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆலை வாசலில் பந்தல், கேட் மீட்டிங், சிவப்புக் கொடி. எதுக்காகவும் எவனும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று வீராசாமி மைக்கில் சொன்னதை அவளே தமயந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறாள். எதுக்காகவும் என்றால் சினிமாவுக்கும் சேர்த்துத்தான் என்று தேசிங்குக்கு உறைக்கவில்லை. வேலைக்குப் போனாத்தானே துரோகம், இது வேலைய காட்டிக்கிற மாதிரி நடிப்பு, அதுவும் முதலாளிய திட்டுற படம், வீராசாமியே பாத்தா கைதட்டுவான், என்றார். விடியக்காலையில் பின்பக்கத்துச் சின்ன கேட் வழியாகப் போனார். முதலாளி லேசுப்பட்ட ஆளா. ஷூட்டிங்குக்கு ஆலையைச் சும்மா கொடுத்த பெருந்தன்மை எதற்கென்று பிறகல்லவா தெரிந்தது. ஒரு பக்கம் பெர்னாரின் பிணங்கள் தறி ஓட்டின. இன்னொரு பக்கம், தார்ப்பாய் மூடிய லாரியில் வந்திறங்கிய வெளியூர் ஆட்களும், காசுக்கு விலைபோன உள்ளூர்க்காரர்கள் நாலைந்து பேரும் நிஜமாகவே தறி ஓட்டினார்கள். வெளியே சத்தம் கேட்டால் ஷூட்டிங் என்று சொல்லிவிட்டார்கள். பந்தலில் விழித்திருந்த வீராசாமி பின்பக்கமாகச் சுற்றிவந்து பார்த்தபோது, கண்ணுக்கு அகப்பட்டது தேசிங்கின் முதுகு. உள்ளே போகிற முதுகு. அவ்வளவுதான். தேசிங்கு கருங்காலி. போராட்டம் தோற்றது, தோற்றதுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. படம் வரும்டா, படம் வந்தா பாருங்கடா என்று இவர் ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். படம் வரவே இல்லை. பெர்னார் ஊரைவிட்டுப் போனார், கடலூர்க்காரர்கள் எந்த ஊர்த் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தார்களோ. மறுபடி வேலை தொடங்கியபோது இவர் பக்கத்துத் தறிக்காரன் இவரிடம் பேசவில்லை, டீக்கடையில் இவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. மச்சான் மச்சான் என்று வீட்டில் வந்து மீன்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட வீராசாமி, எதிரே வந்தால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பினார். அது இன்னும் அவளுக்கு ஆறவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

இரண்டு வரிசை முன்னால் வீராசாமி இருமினார். இருமு, நன்றாக இருமு, என்று நினைத்தாள். உடனே, பாவம், கிழம், என்றும் நினைத்தாள். அவரைச் சொல்லி என்ன. அவராவது முதுகைப் பார்த்தார். நீ என்ன பார்த்தாய் மரகதம்? அந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு எப்போதும்போல் முள்ளில் மாட்டிய முந்தானையாக நின்றுவிட்டது. அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து குளிக்க உட்கார்ந்தபோது முதுகு தேய்த்துவிட்டது அவள்தான். காது மடலுக்குப் பின்னால் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மேக்கப் மாவு மரகதம், மூஞ்சி பூரா அப்பிட்டாங்க, என்றார். விரலில் எடுத்துப் பார்த்தாள். மாவு மாதிரியும் இருந்தது. பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடுகிற கஞ்சி காய்ந்து தறிக்கூடத்தில் தூசியாகப் பறக்குமே, வேலைநாளெல்லாம் அவர் காதுக்குப் பின்னால் அவள் கழுவிவிட்ட அந்தத் தூசி மாதிரியும் இருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டாள். ஏன் ஊற்றினாய், நாக்கில் வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா. வைத்துப் பார்த்தால் மட்டும் என்ன, இரண்டும் மாவுதான். அவரை அவள் நம்பினாள். நம்பாமலா சண்டைக்கு வந்தவளுகளை எல்லாம் குழாயடியில் மயிரைப் பிடித்தாள். நம்பினாள், ஆனாலும் வீட்டு வாடகைக்குத் திண்டாடிய அந்த மாதம், மனுஷர் ஒரு நாள் வழுக்கியிருந்தால்தான் என்ன, என்று ஒரு குரல் உள்ளே முனகும். வழுக்கியிருந்தாலும் என் புருஷன்தான் என்று இன்னொரு குரல். அந்த இன்னொரு குரல்தான் மோசம். மன்னிக்கிற குரல், மன்னிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லத் தெரியாத குரல். ஒருநாள் கேட்டேவிட்டாள்: "எப்படித்தான் நடந்தீங்க, நடந்து காட்டுங்க பாப்போம்." அவர் எழுந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையைத் தொங்கவிட்டு, காலை இழுத்து இழுத்து அறைக்குள் நடந்தார். தமயந்தி கெக்கெக்கே என்று சிரித்தது. மரகதவல்லி சிரிக்கவில்லை. இப்படி யார் வேண்டுமானாலும் நடக்கலாமே என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அப்படிப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். பாதி அறையில் நின்றார். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பஞ்சு நெஞ்சில் அடைத்து, இருமி இருமி, பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். தமயந்தி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆலைத் தொழிலாளி செத்தால் சங்கத்துக் கொடியைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். இவருக்கு வேட்டிதான்.

"அம்மா, பாரு, பாரு," என்று தமயந்தி முழங்கையால் இடித்தாள். திரையில் பிணங்கள் வரிசையாகப் பின்பக்கத்து கேட் வழியாக நுழைந்துகொண்டிருந்தன. மரகதவல்லி வலது கண்ணை முன்னால் கொடுத்தாள். எல்லா முகத்திலும் ஒரே வெள்ளை, எல்லாக் கண்ணைச் சுற்றியும் ஒரே கறுப்பு, எல்லாத் தலையும் ஒரு பக்கம் சாய்ந்து. அடப்பாவி பெர்னாரே, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் அப்பிவிட்டாயே. மூன்றாவது ஆள்? இல்லை, அவன் குட்டை. தூணோரம் போகிறவன்? அந்தத் தோள்? அதற்குள் மறைந்துவிட்டான். பின்வரிசைப் பிள்ளைகள் பயந்த மாதிரிக் கத்திச் சிரித்தார்கள், யாரோ பாப்கார்னைக் கொறித்தார்கள், சும்மா இருங்களேன்டா, என் தலையெழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது அங்கே. திடீரென்று திரை முழுவதும் ஒரு கை. சாம்பல் பூசிய கை, அறுந்த நூலின் இரண்டு முனையையும் எடுத்து, விரலால் ஒரு சுண்டு, முடிச்சு விழுந்தது. அவள் எழுந்தே விட்டாள், தமயந்தி பிடித்து உட்கார வைத்தாள். அவர் கைதான். அவர் கைதானா? தறிக்காரன் எவன் முடிச்சுப் போட்டாலும் அப்படித்தான் போடுவான். மறுபக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த நிஜக் கருங்காலி ஒருத்தனை இழுத்துவந்து கையை மட்டும் படம் எடுத்திருந்தால்? வீராசாமியிடம் கையைக் காட்டினால் ஒத்துக்கொள்வாரா, முகம் எங்கே என்பார். படம் ஓடியது. செத்தவன் ஒருத்தனின் பெண்டாட்டி ஆலைக்குள் கஞ்சி ஊற்றுகிற வேலைக்குச் சேர்ந்து, மடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துக் கொப்பரையில் போட்டாள். பிணங்கள் குடித்தன. ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, தறி ஒவ்வொன்றாக நின்றது. அந்த அமைதியில் அரங்கமே அடங்கிப்போனது, பாப்கார்ன்காரன்கூட. அப்புறம் எல்லாம் சேர்ந்து அழுதன, அழுதுகொண்டே கல்லறைக்குப் போகாமல் முதலாளியின் பங்களாவை நோக்கி நடந்தன. நல்ல படம்தான் எடுத்திருக்கிறார் மனுஷர். பங்களா எரிய, வணக்கம் போட்டார்கள். முகம் வரவில்லை. கூட்டம் கைதட்டியது. தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கை அப்பா கைதாம்மா, எனக்குத் தெரியும்," என்றாள். அவளுக்கு என்ன தெரியும். நல்ல பெண், அம்மாவுக்காகச் சொல்கிறாள். மரகதவல்லிக்கு இப்போது பயமும் இல்லை, வேறெதுவும் இல்லை. வந்திருக்கவே கூடாது. தெரியாமல் இருந்தது எவ்வளவோ மேல். செருப்பு எங்கே, காலால் துழாவினாள்.

விளக்குப் போடவில்லை. மேடையோரத்திலிருந்து திரைப்படச் சங்கத்துப் பெண் ஒருத்தி மைக்கில், "கடைசி டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருந்தது, சத்தம் கிடையாது, வெட்ட மனசு வரல, அப்படியே போடுறோம்," என்றாள். திரை வெள்ளையாகி, கீறலாகி, பட்டப்பகல் வெளிச்சத்தில் ஆலை முற்றம் வந்தது. ஒரு பிணம் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டுப் போனது. பின்னால் இன்னொன்று. சினிமாக்காரர்களுக்கு இப்படி ஒரு சம்பிரதாயம் உண்டு: பிணமாக நடித்தவனை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து அதையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், இல்லாவிட்டால் நடித்தது பலித்துவிடுமாம். இந்தப் படத்தில்தான் பிணமெல்லாம் தானாகவே எழுந்து நடக்கிறதே, இன்னும் எதற்கு எழுப்புவது என்று சாமி நம்பிக்கை இல்லாத பெர்னார் கேட்டிருப்பார். மேக்கப்காரர் விட்டிருக்க மாட்டார். ஒரு தொந்திப் பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஒரு கிழட்டுப் பிணம் கும்பிட்டுவிட்டுச் சிரித்தது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். மரகதவல்லி செருப்பைத் தேடிய காலை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு ஒல்லிப் பிணம். மீசைப் பிணம். அப்புறம் யாரும் வரவில்லை, முற்றம் மட்டும் இருந்தது, வெயில் இருந்தது, ஒரு காக்கை இறங்கியது. அவ்வளவுதானா? பக்கவாட்டிலிருந்து யாரோ பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி ஒருத்தர் வந்து நின்றார். சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, கையைத் தொங்கவிட்டு, இன்னும் பிணமாகவே நின்றார், அவ்வளவு சிரத்தை. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும். உதடு துடித்தது, அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, பட்டென்று உடைந்து சிரித்தார், சிரித்ததும் முன்பல் உடைந்தது தெரியாமலிருக்க வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்கு மேலே கண் இரண்டும் சுருங்கிச் சிரித்தன.

"அப்பா," என்றாள் தமயந்தி, குழந்தைக் குரலில். மரகதவல்லிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. துடைக்கிற நேரத்துக்குள் அவர் போய்விட்டால் என்ன செய்வது. பொய் சொல்லவில்லை. மனுஷர் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாக முடங்கி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்த மாதிரி இருந்தது, அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். மன்னிக்கிற வேலையெல்லாம் இனி கிடையாது. வீட்டுக்குப் போனதும் அவர் போட்டோவுக்கு முன்னால் நின்று சண்டை போட வேண்டும், ஏன்யா, சிரிக்கவச்சு எடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, பல்லு தெரிஞ்சிடும்னு வெக்கமா, என்று. திரையில் அவர் சிரிப்பை அடக்கிவிட்டு மறுபடி பிணமாக நிற்கப் பார்த்தார், மறுபடி சிரித்தார். அவளும் சிரித்தாள், மூக்கு ஒழுக. அப்போது முன்னால் வீராசாமி ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பொன்னாடை தோளிலிருந்து நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. பிறகு திரும்பி, இருட்டில் வரிசை வரிசையாகக் கண்ணை இடுக்கித் தேடினார். அவளைத்தான் தேடுகிறார் என்று தெரிந்தது. "தங்கச்சி," என்றார். அவருடைய தலை நிழல் பெரிதாகப் போய் தேசிங்கின் முகத்தில் விழுந்து, பாதிச் சிரிப்பை மறைத்தது. பிள்ளைகள் பின்னாலிருந்து, பெரியவரே உக்காருங்க, என்று கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. அந்த ஆளிடம் பேசுவதில்லை என்று அவள் வைத்திருந்த வைராக்கியம் எங்கே போனதோ, தன் குரலைத் தானே கேட்டாள்.

"உக்காருண்ணே. அவர மறைக்கிற."

வீராசாமி உட்கார்ந்தார்.